கருவை நிற்கும் இடமெல்லாம்

கோரிப்பாளையம், மதுரை
11.8.2024

பிரியமுள்ள வீரணன் அண்ணனுக்கு,

முத்துமீனா எழுதுவது. நான் நல்லபடியாக இருக்கிறேன். உன் உடம்பும் அம்மா உடம்பும் எப்படி என்று நீயாக எழுத மாட்டாய், நான்தான் கேட்க வேண்டும். கேட்டுவிட்டேன். வாட்ஸப்பில் எழுதுகிறேன் என்றால், "கட்டவெரலக் காட்டுறதும் பூவு அனுப்புறதும் ஒரு பேச்சா? குவாரி வெடியில காது போனவனுக்குக் கடுதாசிதான் காது" என்கிறாய். சரி, இருபது கவர் வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் நான் எழுதுவதைச் சனிக்கிழமை சாயங்காலம் காளியம்மன் மேடையில் வைத்து மொத்தக் காலனிக்கும் வாசிக்கிறாயாமே? அம்மா போனில் சொன்னாள். ஆத்தாடி! இனி எதை எழுதுவது, எதை விடுவது?

எம்.டெக். என்றால் பெரிய வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்பது என்று நினைத்திருந்தேன். பாதி நாள் நான்தான் பாடம் எடுக்கிறேன். இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்கு லேபில் சந்தேகம் தீர்ப்பது முதல் வருஷ எம்.டெக். ஆட்களின் வேலையாம். முதல் நாள் ஒரு பையன் "மேடம்" என்றான். யாரோ மேடம் வருகிறார்கள் என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். லேபில் ஏசி குளிர் தாங்காது, துண்டைப் போர்த்திக்கொண்டு உட்காருகிறேன். பக்கத்து நாற்காலி ஸ்வப்னா அக்கா, எனக்கு ஒரு வருஷம் சீனியர். வீட்டுக்குப் போன் பேசினால் சௌராஷ்டிரம், என்னிடம் மதுரைத் தமிழ், சாரிடம் இங்கிலீஷ், மூன்றும் ஒரே மூச்சில். எனக்கு இங்கிலீஷ் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

ஆனால் இந்த வாரம் ஒன்று நடந்தது. எங்கள் நாகசுப்பிரமணியன் சாருக்கு அரசாங்க வேலை ஒன்று வந்திருக்கிறது. ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து, கண்மாய் எதுவரை, வயல் எது, வீடு எது என்று கம்ப்யூட்டரே சொல்ல வேண்டும். முதலில் நாங்கள் ஐம்பது கண்மாய்க்குக் கோடு இழுத்துக் காட்ட வேண்டும். அதைப் பார்த்து அது பழகிக்கொள்ளும். படமெல்லாம் மே மாதத்துப் படம், சொட்டுத் தண்ணீர் இல்லை. கண்மாய் எங்கே முடிகிறது என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. நான் தமிழிலேயே சொல்லிவிட்டேன்: "சார், கோடையில எல்லாம் காஞ்சு கெடக்கையில பச்சையா, நெருக்கமா நிக்கிறது சீமைக்கருவை. அது நிக்கிற எடமெல்லாம் கண்மாயில தண்ணி தேங்குற உள்வாய்தான். எங்க ஊருல சின்னப் பிள்ளைக்கும் தெரியும்." சார் அதை போர்டில் எழுதி, மேலே 'முத்துமீனா ரூல்' என்று போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணே, அந்த அறையில் எனக்குத் தெரிந்தது மற்றவர்களுக்குத் தெரியாமல் இருந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. எனக்கு எம்புட்டு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

உன் தங்கச்சி,
முத்துமீனா


மேட்டுக் காலனி, ஆண்டிபுதூர்
19.8.2024

அன்புத் தங்கச்சி முத்துமீனாவுக்கு அண்ணன் வீரணன் எழுதிக்கொண்டது.

சனிக்கிழமை மேடையில் உன் கடுதாசியை வாசித்தேன். என் குரல் எனக்குக் கேட்காததால் கத்தித்தான் வாசிக்கிறேனாம், ஊருக்குள் வரைக்கும் கேட்கிறதாம். கேட்கட்டும். நம் காலனியில் பத்தாவது தாண்டினதே நாலு பேர். அதில் ஒருத்தி மேடமாகிவிட்டாள் என்றால் ஊருக்கும் கேட்கத்தான் வேண்டும். நீ எதையும் விடாதே, அம்புட்டையும் எழுது.

நீ எழுந்து நின்ற கதைக்குச் சீனியம்மாள் அத்தை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. கருவை விஷயத்தை வாசித்தபோது மொக்கையன் மாமா ஏதோ சொன்னார், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் கையை நீட்டி நம் வீட்டைச் சுற்றி, மற்ற வீடுகளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். எனக்கு விளங்கவில்லை. கரி சுட மூட்டம் போடுவதற்காக நாம் வீட்டுக்கு வீடு வளர்த்து வைத்திருக்கிற கருவையைச் சொல்கிறார்கள் போல. இந்த வருஷம் மரம் நன்றாகத் தடித்திருக்கிறது. சோற்றை நேரத்துக்குத் தின்னு.

அண்ணன்,
வீரணன்


கோரிப்பாளையம்
20.10.2024

பிரியமுள்ள அண்ணனுக்கு,

இரண்டு மாதமாக எழுதாததற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இன்டர்னல் பரீட்சை, செமினார், பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டுத் திருத்துவது, அதற்கு நடுவில் கோடு. ஐம்பது கண்மாயையும் நானும் ஸ்வப்னா அக்காவும் இழுத்து முடித்தோம். கண்ணை மூடினால் பச்சைப் பச்சையாக வருகிறது. அக்கா வீட்டிலிருந்து முருங்கைக்கீரை வடை வரும், அதுதான் எங்களுக்கு உயிர்.

இப்போது கம்ப்யூட்டர் பழகிவிட்டது. நாங்கள் காட்டாத கண்மாயையும் அதுவே கண்டுபிடிக்கிறது. தாலுகா தாலுகாவாகப் படத்தைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் கோடு இழுத்துத் தள்ளுகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு சரி என்று சார் மேலிடத்தில் கொடுத்துவிட்டார். அறிக்கையில் என் ரூலும் ஒரு வரி இருக்கிறது. முடிவுகள் எல்லாம் சாரின் கம்ப்யூட்டரில்தான், நாங்கள் பார்க்க முடியாது. எந்தெந்த ஊர் வந்திருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசைதான். தீபாவளிக்கு வாரேன்.

முத்துமீனா


மேட்டுக் காலனி
1.12.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நல்ல செய்தி என்று நினைக்கிறேன். புதன்கிழமை மூன்று பேர் வந்தார்கள். அளக்கிற சங்கிலி இல்லை, டேப் இல்லை, கையில் போன் மட்டும். போனைப் பார்ப்பதும் வீட்டைப் பார்ப்பதுமாக நடந்தார்கள். பிறகு பதினேழு வீட்டுச் சுவரிலும் சிவப்பு பெயின்டில் நம்பர் போட்டார்கள். நம் வீடு ஒன்பது. பட்டா கேட்டு நாம் நடையாய் நடந்த பதினைந்து வருஷத்துக்கு இப்போதுதான் விடிவு என்று ஆளுக்கு ஆள் சந்தோஷப்பட்டார்கள். மொக்கையன் மாமா குளித்துச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தன் நம்பருக்குப் பக்கத்தில் நின்று, போட்டோ எடுக்கச் சொன்னார்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. அவர்கள் மாமாவையும் எடுக்கவில்லை, வீட்டையும் எடுக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் போய் மரத்தைத்தான் எடுத்தார்கள். பட்டா கொடுக்கிறவனுக்கு மரம் எதற்கு?

அண்ணன்


கோரிப்பாளையம்
8.12.2024

அண்ணே,

வந்தவர்கள் எந்த ஆபீஸ்? போனில் அவர்கள் பார்த்த படம் மேலேயிருந்து எடுத்ததா? அதில் நீலக் கலர் ஏதாவது இருந்ததா? சும்மாதான் கேட்கிறேன். சார் வெளியூர் போயிருக்கிறார், வந்ததும் பட்டா பற்றி விசாரிக்கிறேன். இதை மேடையில் வாசிக்க வேண்டாம், இதில் விசேஷம் ஒன்றும் இல்லை. பொங்கலுக்கு வரும்போது பேசிக்கொள்வோம்.

முத்துமீனா


மேட்டுக் காலனி
26.1.2025

அன்புத் தங்கச்சிக்கு,

திங்கட்கிழமை நோட்டீஸ் ஒட்டினார்கள். பட்டா இல்லை. பதினேழு வீடும் கண்மாய் உள்வாயில் இருக்கிறதாம், ஆக்கிரமிப்பாம், இடிக்கப்போகிறார்களாம். ஆட்சேபணை இருந்தால் விசாரணையில் சொல்ல வேண்டுமாம்.

நீயே சொல். ஊரே வெள்ளத்தில் மிதந்த வருஷம், ஊர்க்காரர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து நம் மேட்டில்தானே கட்டினார்கள்? மேட்டில் எங்கேயாவது கண்மாய் இருக்குமா? வி.ஏ.ஓ.விடம் போனோம். அவர் எனக்குத் தாளில் எழுதிக் காட்டினார்: 'மதுரையில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் வைத்துக் கண்டுபிடித்தது. என் கையில் ஒன்றும் இல்லை.' அதைப் படித்ததும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மதுரை, காலேஜ், கம்ப்யூட்டர் என்றால் நம்ம பிள்ளை இருக்கிறதே! எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், முத்துமீனா கண்டுபிடித்துவிடும், எவன் இந்தக் கோட்டை இழுத்தான் என்று.

சீனியம்மாள் அத்தை நோட்டீசுக்கு முன்னால் நின்று மண்ணை வாரித் தூற்றியது. அம்மா ஓடிப்போய் அதன் வாயைப் பொத்தினாள். என்ன சொன்னது என்று பக்கத்து வீட்டுப் பேயாண்டி எனக்கு எழுதிக் காட்டினான்: 'கோடு இழுத்த கை வெளங்காமப் போகணும். அதப் பெத்தவ வயிறு எரியணும்.'

அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே வேலைதான். விடிந்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்க் கருவையை வெட்டித் தள்ளுகிறாள். மூட்டத்துக்குப் பதம் வராத இளமரத்தைக்கூட விடவில்லை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. சீக்கிரம் எழுது.

அண்ணன்


கோரிப்பாளையம்
2.2.2025

பிரியமுள்ள அண்ணனுக்கும் காலனியில் எல்லோருக்கும்,

தைரியமாக இருங்கள். நான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் சார் நல்லவர், நியாயம் தெரிந்தவர். சீனியம்மாள் அத்தை பிரஷர் மாத்திரையை விடாமல் போட வேண்டும். மொக்கையன் மாமா வெயிலில் அலைய வேண்டாம்.

-----------------------------

அண்ணே, இந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதை வாசிக்காதே. உனக்கு மட்டும்.

அந்தக் கை என் கைதான்.

பொங்கலுக்கு வந்தபோது சுவரில் அந்த ஒன்பதைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. இருந்தாலும் இருக்காது, இருக்காது என்று சொல்லிக்கொண்டு கரும்பு கடித்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்த அன்றைக்கு ஸ்வப்னா அக்கா சாரின் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாள். நம் மேடு முழுக்க நீலம். நீலம் என்றால் கண்மாய். நம் வீடு, அத்தை வீடு, நீ நின்று வாசிக்கிற காளியம்மன் மேடை, எல்லாம் கண்மாய். பக்கத்தில் 'உறுதி தொண்ணூற்றாறு' என்று போட்டிருந்தது.

நம் மேட்டுக்கு நான் கோடு இழுக்கவில்லை, அம்மா சத்தியம். நான் சொன்ன ரூலை வைத்துக்கொண்டு அதுவாக இழுத்தது. கோடையில் நெருக்கமாகப் பச்சை, அதனால் கருவை, அதனால் உள்வாய். கரிக்காக மேட்டிலும் கருவை வளர்க்கிற ஜனம் உண்டு என்று நான்தானே சொல்லியிருக்க வேண்டும்? அந்த அறையில் வேறு யாருக்குத் தெரியும்? ஏழு வயசிலிருந்து வெட்டி, சுமந்து, மூட்டத்தில் அடுக்கின மரம். எனக்கு அது விறகு. படத்தில் வெறும் பச்சை. இரண்டும் ஒன்று என்று அந்த நிமிஷம் தோன்றவே இல்லை. கைதட்டுத்தான் காதில் விழுந்தது. மொக்கையன் மாமா ஆகஸ்டிலேயே கேலி பண்ணியிருக்கிறார், அம்மா வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறாள், நீயும் எழுதியிருக்கிறாய். நானும் படித்துவிட்டுச் சிரித்தேன்.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது அண்ணே. அதனால்தான் வெட்டுகிறாள். இனி வெட்டிப் பிரயோஜனம் இல்லை என்று அவளிடம் சொல்லிவிடு.

சாரிடம் நாளைக்குப் போய்ச் சொல்வேன். நேற்றும் இதைத்தான் சொன்னேன். விசாரணை என்றைக்கு? அதை மட்டும் உடனே எழுது.

முத்துமீனா


மேட்டுக் காலனி
7.2.2025

தங்கச்சிக்கு,

மேலே இருந்ததை வாசித்தேன். கீழே இருந்ததை மூட்டத்துப் பக்கம் போய் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். அப்போது வந்த கோபத்தை இதில் எழுதவில்லை. உன்னை அடித்து வளர்த்திருந்தால் எழுதியிருப்பேன்.

விசாரணை மார்ச் 14, வெள்ளிக்கிழமை, பதினோரு மணி, தாலுகா ஆபீஸ். நிறைய நாள் இருக்கிறது. அவசரப்பட்டு எதையும் செய்யாதே. வேண்டுமானால் அம்மாவிடமும் போனில் கேட்டுக்கொள், அவளும் அதே தேதியைத்தான் சொல்வாள். யாரிடமும் வாயைத் திறக்காதே.

வீரணன்


கோரிப்பாளையம்
14.2.2025

பிரியமுள்ள அண்ணனுக்கு,

சொல்லிவிட்டேன். சார் படத்தைத் திறந்து நம் மேட்டைப் பார்த்தார். பிறகு, "அந்தப் பக்கம் ஒரு தடவகூட நான் நேர்ல போய்ப் பாக்கலம்மா. தப்புல எனக்கும் பங்கு இருக்கு" என்றார். ஆனால் கொடுத்த அறிக்கையை அவராகத் திரும்ப வாங்க முடியாதாம். வீட்டுக்காரர்கள் விசாரணையில் ஆட்சேபணை கொடுக்க வேண்டும். அதோடு அந்த ரூலைச் சொன்ன ஆளே 'இது மேட்டு நிலத்துக்குப் பொருந்தாது' என்று கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் இருந்தால், சாரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், அவரும் ஆமாம் என்பார். அப்படி நடந்தால் இடிப்பது நிற்கும் என்று உறுதியாகச் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். வேலையில் சேரும்போது ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இந்தத் தாலுகாக்களில் எனக்கோ என் உறவுக்கோ வீடு, நிலம் இல்லை என்று அதில் இருந்திருக்கிறது. நான் படிக்காமலேயே போட்டிருக்கிறேன். என் பெயர் வெளியே வந்தால் காலேஜில் விசாரணை வைப்பார்கள், சீட்டே போகலாம். போனால் போகட்டும் அண்ணே. வீட்டை இடித்துவிட்டு எனக்கு என்ன படிப்பு?

வாக்குமூலம் இதோடு இருக்கிறது, மூன்று பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. இந்தத் தடவை கோடு கிடையாது. மொத்தத்தையும் மேடையில் வாசி. பதினேழு வீட்டுக் கையெழுத்தும் வாங்கு. 14-ந் தேதி காலையில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி நேராகத் தாலுகா ஆபீசுக்கு வாரேன். சீனியம்மாள் அத்தை முகத்தைப் பார்த்து நானே சொல்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வாரேன்.

முத்துமீனா


பள்ளிக்கூடம், ஆண்டிபுதூர்
9.3.2025

தங்கச்சிக்கு,

வெள்ளிக்கிழமை வராதே. விசாரணை முடிந்து பதினாறு நாள் ஆகிறது. மார்ச் 14 என்று எழுதியது பொய், நீ அங்கே வந்து நிற்கக் கூடாது என்றுதான். அது பிப்ரவரி 21-ந் தேதியே நடந்தது. அம்மாவையும் அப்படியே சொல்லச் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

உன் வாக்குமூலம் எனக்குக் கிடைத்தது. மேடையில் வாசிக்கவில்லை. விசாரணைக்குச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். கொடுக்கத்தான் கொண்டுபோனேன், அதை மட்டும் நம்பு. அதிகாரி என் பக்கம் திரும்பி வாயசைத்தார். பேயாண்டி எழுதிக் காட்டினான்: 'ஆதாரம் ஏதும் இருக்கா?' பையைத் தொட்டேன். சீனியம்மாள் அத்தை என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. தாளை எடுத்தால் உன் பெயரை அங்கேயே சத்தமாக வாசிப்பார்கள், அத்தை கேட்கும், அப்புறம் உன் காலேஜும் கேட்கும். இல்லை என்று தலையாட்டினேன். மொத்தம் கால் மணி நேரம்தான்.

போன வியாழக்கிழமை மூன்று எந்திரம் வந்தது. மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார்கள். அம்மா அடுப்பை மட்டும் பெயர்த்து எடுத்துக்கொண்டாள். மொக்கையன் மாமா நம்பர் எழுதின செங்கலைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார், வேறு இடம் தரும்போது காட்ட வேண்டுமாம். இப்போது இரண்டு வகுப்பறையில் பதினேழு குடும்பம். முழுப்பரீட்சை வந்தால் இதையும் காலி செய்ய வேண்டும்.

பதினேழு வீடு போனால் எங்கேயாவது பதினேழு குச்சிலைக் கட்டிக்கொள்ளலாம், நம் சனம் காலம் காலமாகக் கட்டினதுதான், உன்னைப் போல ஒன்றை மறுபடி உண்டாக்க எனக்குத் தெம்பு இல்லை என்று அந்த நிமிஷம் நினைத்தேன். சரியா தப்பா என்று கேட்காதே. இங்கே பிள்ளைகள் அழுவது எனக்குக் கேட்பதில்லை. அம்மாவுக்குக் கேட்கிறது.

இங்கே வந்த பிறகும் சனிக்கிழமையை விடவில்லை. "முத்துமீனா எழுதிச்சா? கண்டுபிடிச்சிருச்சா?" என்று என் வாயையே பார்க்கிறார்கள். நேற்று ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். கோடு இழுத்தவன் வடக்கத்திக்காரன், வேலையை விட்டுப் போய்விட்டான், பெயர் தெரியவில்லை என்று நீ எழுதியதாக. அத்தை தரையில் துப்பியது. பிறகு உன் பெயரைச் சொல்லி, திசை பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது.

வாக்குமூலத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். இன்னொன்று எழுத உனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். நீ வந்தால் உண்மையைச் சொல்லிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். உன்னால் வீடு போனது என்பதோடு அது நிற்காது. காப்பாற்றுகிற தாளைப் பையில் வைத்துக்கொண்டு நான் நின்றதும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அம்மா இவர்கள் நடுவில்தான் படுத்திருக்கிறாள்.

ஆகையால் வராதே. எழுதவும் எழுதாதே. தபால்காரர் எல்லோர் முன்னாலும்தான் கொடுப்பார், கொடுத்தால் நான் பிரித்து வாசித்தாக வேண்டும். உண்மையான கடுதாசியைக் கையில் வைத்துக்கொண்டு வேறொன்றை வாசிக்க என்னால் முடியாது. வெறுந்தாள் என்றால் முடிகிறது.

படித்து முடி. சனிக்கிழமை வந்தால் அவர்கள் கேட்பார்கள், நான் ஏதாவது வாசித்துக்கொள்கிறேன்.

வீரணன்